வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதா? ‘கேஸ்’னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சுகர் பாருங்க!

வயிறு வலிக்குது. காலையிலிருந்து மூணு தடவை வாந்தி. எவ்வளவு தண்ணி குடிச்சாலும் நாக்கு வறண்டு போகுது. சும்மா படுத்திருக்கும்போதே நாலு மாடி ஏறி வந்த மாதிரி மூச்சு வாங்குது. உங்க ரூம்மேட்டோ, தங்கச்சியோ இப்படி இருந்தா என்ன நினைப்பீங்க?

‘நேத்து நைட் சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கலை’ என்று நினைப்பீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேஸுக்கு ஒரு மாத்திரை, வாந்திக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுப்பீர்கள். பெரும்பாலான நேரம் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால், சில நேரம் பிரச்னை வயிற்றில் இருக்காது. ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் ‘டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ்’. டாக்டர்கள் சுருக்கமாக ‘டி.கே.ஏ’ என்பார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். விட்டுவிட்டால் ஒரே நாளில் கோமா வரைக்கும் கொண்டுபோய்விடும்.

சுகர் என்றாலே நமக்கு ஞாபகம் வருவது ஒரு மெதுவான நோய். அப்பா காலையில் மாத்திரை போடுவார், வாக்கிங் போவார், சர்க்கரை இல்லாத காபி குடிப்பார். பத்து, இருபது வருஷம் கழித்து கண், கிட்னி, கால் என்று ஒவ்வொன்றாகப் பிரச்னை வரலாம். இதெல்லாம் உண்மைதான். ஆனால், சில மணி நேரத்தில், சில நேரம் சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடுகிற அவசர நிலைகளும் இதே சுகரில் இருக்கின்றன. முக்கியமானவை மூன்று. டி.கே.ஏ ஒன்று. வயதானவர்களுக்கு அதிகம் வரும் ‘ஹெச்.ஹெச்.எஸ்’ இரண்டாவது. நாம் ‘லோ சுகர்’ என்று சொல்கிற ஹைப்போகிளைசீமியா மூன்றாவது.

‘எனக்குத்தான் சுகர் இல்லையே, நான் எதுக்கு இதைப் படிக்கணும்?’ என்று நகர்ந்துவிடாதீர்கள். ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. உங்கள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருக்கும். இந்த மூன்று அவசர நிலைகளும் முற்றும்போது பாதிக்கப்பட்டவரால் தெளிவாக யோசிக்க முடியாது. ‘ஒண்ணும் இல்ல, தூங்கினா சரியாகிடும்’ என்பார். அப்போது பக்கத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் நீங்களாக இருக்கலாம்.

(கட்டுரையில் வரும் சுகர் அளவுகள் எல்லாம் நம் ஊர் குளுக்கோமீட்டர் காட்டுகிற மில்லிகிராம் கணக்கு.)

*ரெகுலேட்டர் இல்லாத சிலிண்டர்*

வீட்டில் கேஸ் சிலிண்டர் நிறைய இருக்கிறது. ஆனால், ரெகுலேட்டர் இல்லை. சமைத்தே ஆக வேண்டும் என்று நாற்காலியை உடைத்து அடுப்பில் போடுகிறீர்கள். அடுப்பு எரியும். வீடு முழுக்கப் புகை மண்டும். டி.கே.ஏ-வில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

சிலிண்டரில் இருக்கும் கேஸ்தான் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ். அதைச் செல்களுக்குள் அனுப்புகிற ரெகுலேட்டர் இன்சுலின். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சுகர் எக்கச்சக்கமாக இருந்தும் செல்கள் பட்டினி கிடக்கும். ‘சாப்பாடு இல்லை’ என்று தப்பாகப் புரிந்துகொள்ளும் உடம்பு, கொழுப்பை உடைத்து எரிக்க ஆரம்பிக்கும். அந்தக் கொழுப்பிலிருந்து கல்லீரல் உருவாக்கும் பொருள்தான் கீட்டோன். அதுதான் புகை.

கீட்டோன் அமிலத்தன்மை உள்ளது. ஒரு வேளை பட்டினி இருந்தாலே யாருக்கும் கொஞ்சம் கீட்டோன் வரும். அது ஆபத்தில்லை. உடம்பில் இருக்கும் இன்சுலின் அதை எல்லை மீறாமல் பிடித்துவைக்கும். இன்சுலினே இல்லாதபோது பிரேக் இல்லாத வண்டிபோல கீட்டோன் ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு பக்கம், ரத்தத்தில் நிரம்பி வழியும் சுகர் சிறுநீரில் இறங்கும். போகும்போது தண்ணீரையும், சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி யூரின், அடங்காத தாகம், வறண்ட நாக்கு. அமிலம் ஏறுவதால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. வாந்தி எடுத்தால் தண்ணீர் இன்னும் குறையும். நிலைமை இன்னும் மோசமாகும்.

சரி, மூச்சு ஏன் வாங்குகிறது? ரத்தத்தில் இருக்கும் அமிலத்தைக் குறைக்க உடம்புக்குத் தெரிந்த வேகமான வழி, கார்பன் டை ஆக்ஸைடை வெளியே தள்ளுவது. அதனால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். 1874-ல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதை விவரித்து எழுதினார். இன்றைக்கும் இதற்கு ‘குஸ்மால் மூச்சு’ என்றுதான் பெயர். சிலரின் மூச்சில் கனிந்த பழம் மாதிரி அல்லது நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு வாசனை வரும். ஆனால், அது எல்லோருடைய மூக்குக்கும் தெரியாது. வாசனை வரவில்லை என்பதால் டி.கே.ஏ இல்லை என்று முடிவு பண்ணாதீங்க.

*முதல் அறிகுறியே கோமாவாக இருக்கலாம்*

டி.கே.ஏ அதிகம் தாக்குவது டைப் 1 சர்க்கரை நோயாளிகளை. இவர்களின் உடம்பில் இன்சுலின் சுரப்பே அநேகமாக இருக்காது. இனிப்பு அதிகமாகச் சாப்பிட்டதால் வருவதில்லை இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் வருகிறது. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும்தான் அதிகம் வரும் என்றாலும், எந்த வயதிலும் வரலாம்.

சிக்கல் என்னவென்றால், பலருக்குத் தங்களுக்கு சுகர் இருப்பதே டி.கே.ஏ-வோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரியவரும். ஆனால், அதற்குச் சில நாள்கள், சில வாரங்கள் முன்பே உடம்பு சிக்னல் கொடுத்திருக்கும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து யூரின் போவது, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, எப்போதும் சோர்வு. படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மறுபடியும் நனைக்க ஆரம்பிப்பதும் ஒரு சிக்னல். ‘எக்ஸாம் டென்ஷன்’, ‘வெயில் காலம், தாகம் இருக்கத்தானே செய்யும்’, ‘ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கலை, அதான் இளைச்சுட்டான்’ என்று நாம் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கடந்துவிடுவோம். இந்த நாலில் ரெண்டு மூணு சேர்ந்து வந்தால் அன்றைக்கே சுகர் டெஸ்ட் பண்ணுங்க. வெறும் வயிற்றில் பார்க்கணும் என்று மறுநாள் காலைவரை காத்திருக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே டைப் 1 இருப்பது தெரிந்தவர்களுக்கு டி.கே.ஏ வர முக்கியக் காரணம், இன்சுலின் விட்டுப்போவது. ஏன் விட்டுப்போகிறது? காரணங்களைக் கேட்டால் கோபம் வராது, வருத்தம்தான் வரும். ஹாஸ்டலில் எல்லோர் முன்னாலும் ஊசி போடக் கூச்சம். ‘பொண்ணு பார்க்க வர்றாங்க, ஊசி போடுறது தெரிய வேண்டாம்’ என்கிற வீட்டு நெருக்கடி. ஊசியைக் குறைத்தால் எடை குறையும் என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே டோஸைத் தவிர்ப்பது. மாசக் கடைசியில் காசில்லாமல் போவது. ‘ஊசியே வேண்டாம், எங்க மருந்தில் ஒரே மாசத்தில் சுகர் போயிடும்’ என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி நிறுத்திவிடுவது. டைப் 1-ல் இன்சுலினுக்கு மாற்றாக எந்தப் பொடியும், கஷாயமும், டயட்டும் கிடையாது. நிறுத்திய ஒன்றிரண்டு நாளிலேயே டி.கே.ஏ வந்துவிடலாம். காசு பிரச்னை என்றால் அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும். டோஸை மட்டும் விடாதீங்க.

*அந்த 14 வயதுப் பையன்*

இன்சுலின் வருவதற்கு முன்னால் டைப் 1 வந்த குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்பதற்கு லியோனார்ட் தாம்சன் ஒரு சாட்சி. 14 வயது. கனடாவின் டொரோன்டோ பொது மருத்துவமனையில் படுத்திருந்தபோது எடை 30 கிலோகூட இல்லை. அப்போதிருந்த ஒரே சிகிச்சை, பட்டினிக்கு நிகரான டயட். 1922 ஜனவரி 11 அன்று இவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. மருந்து சுத்தமாக இல்லாததால் பெரிய பலன் இல்லை. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியல் விஞ்ஞானி அதை இன்னும் சுத்தப்படுத்தித் தர, ஜனவரி 23-ல் மறுபடியும் போட்டார்கள். சுகர் இறங்கியது. சிறுநீரிலிருந்து கீட்டோன் மறைந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான்.

நூறு வருஷத்துக்கு முன்பே மருந்து வந்துவிட்டது. இன்றைக்கும் டி.கே.ஏ-வில் உயிர் போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் தாமதம்தான். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போவது. நல்ல வசதியுள்ள மருத்துவமனைக்குச் சரியான நேரத்தில் வந்துவிட்டால், பெரும்பாலானவர்கள் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

*‘சாப்பிடவே இல்லையே, இன்சுலின் எதுக்கு?’*

நல்ல எண்ணத்தில் பண்ணும் பெரிய தப்பு இதுதான். காய்ச்சல், வாந்தி. சாப்பாடு இறங்கவில்லை. ‘சாப்பிடாமல் ஊசி போட்டால் லோ சுகர் ஆயிடுமே’ என்று பயந்து இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால், காய்ச்சலும் இன்ஃபெக்‌ஷனும் வரும்போது உடம்பில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் ஏறும். அவை சாப்பிடாவிட்டாலும் சுகரை ஏற்றும். அதாவது, உடம்பு சரியில்லாத நாளில் இன்சுலின் தேவை பல நேரம் கூடும். சாப்பாட்டுக்காகப் போடும் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஆனால், நாள் முழுவதும் வேலை செய்கிற அடிப்படை இன்சுலினை டைப் 1 நோயாளிகள் நிறுத்தவே கூடாது.

உடம்பு சரியில்லாத நாளுக்கு ஒரு குட்டி ரூல்புக் இதோ:

• இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீங்க. எவ்வளவு கூட்டணும், குறைக்கணும் என்று டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க.

• இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்க. ராத்திரியிலும் அலாரம் வெச்சுப் பாருங்க.

• சுகர் 250-க்கு மேலே நின்றால் கீட்டோனும் பாருங்க. யூரின் ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். ரத்தத்தில் பார்க்கும் மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். அதில் 0.6-க்குள் இருந்தால் நார்மல். 1.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரிடம் பேசணும். 3-ஐத் தொட்டால் எமர்ஜென்சி.

• கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கணும்.

• மெட்ஃபார்மின் போன்ற சில மாத்திரைகளை வாந்தி, பேதி இருக்கும்போது தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். அதையும் கேட்டுக்கோங்க.

• வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பேச்சில் குழப்பம் தெரிகிறது என்றால் ஸ்ட்ரிப், மீட்டர் எதையும் தேட வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி.

*சுகர் 180தான், ஆனாலும் டி.கே.ஏ!*

சுகர் எகிறினால்தான் டி.கே.ஏ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது புதுசாக இருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரைகள் இப்போது நிறைய பேருக்குக் கொடுக்கப்படுகின்றன. இதயத்துக்கும் கிட்னிக்கும் இவை தரும் பாதுகாப்பு பெரியது. நல்ல மாத்திரைகள்தான். இவை அதிகப்படியான சுகரைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும்.

அதனால், அரிதாகச் சிலருக்கு உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் சுகர் 200-க்குக் கீழேயே இருக்கலாம். ‘மீட்டர் நார்மல் காட்டுது, அப்ப சுகர் பிரச்னை இல்லை’ என்று எல்லோரும் ஏமாந்துவிடுவார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அமைப்பு 2015-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்று 2020-ல் அறிவுறுத்தியது. எர்டுகிளிஃப்ளோசினுக்கு மட்டும் நான்கு நாள்.

அப்பா, அம்மாவின் மாத்திரை அட்டையை இன்றைக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்க. இந்தப் பெயர் இருந்தால் மூன்று விஷயம் சொல்லி வைங்க. இந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கீட்டோ டயட், நாள் கணக்கில் பட்டினி விரதம் என்று இறங்கக் கூடாது. வாந்தி, கடும் காய்ச்சல் என்றால் மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேட்கணும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘இந்த மாத்திரை சாப்பிடுறேன், கீட்டோன் பாருங்க’ என்று வாயைத் திறந்து சொல்லணும்.

*தாத்தாவுக்கு ‘வயசாகிடுச்சு’ இல்லை*

இரண்டாவது அவசர நிலையான ஹெச்.ஹெச்.எஸ், டைப் 2 உள்ள வயதானவர்களுக்கு வருவது. டி.கே.ஏ மணிக்கணக்கில் வரும் என்றால், இது நாள்கணக்கில் சத்தமில்லாமல் வரும். இவர்கள் உடம்பில் கொஞ்சம் இன்சுலின் மிச்சம் இருக்கும். கீட்டோனைத் தடுக்க அது போதும். சுகரைக் கட்டுப்படுத்தப் போதாது. அதனால் வாந்தி, வயிற்றுவலி என்று பெரிதாக எதுவும் காட்டாமல் சுகர் மட்டும் 600, 800, 1,000 என்று ஏறும். உடம்பிலிருக்கும் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும்.

பெரும்பாலும் ஒரு யூரின் இன்ஃபெக்‌ஷனோ, நிமோனியாவோ, நிறுத்திய மாத்திரையோ இதைத் தொடங்கிவைக்கும். ‘அடிக்கடி பாத்ரூம் போகணுமே’ என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பாட்டிகளுக்கு ஆபத்து அதிகம். முதலில் சோர்வு. பிறகு நேரம் காலம் தெரியாமல் பேசுவார்கள். பேரனின் பெயரை மாற்றிக் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கத் தூங்குவார்கள். சிலருக்கு வலிப்பு வரும், ஒரு பக்கம் கை கால் வராது. ‘வயசாகிடுச்சு’ என்றோ, பக்கவாதம் என்றோ நினைப்போம்.

குளுக்கோமீட்டரில் எண்ணுக்குப் பதில் ‘ஹை’ என்று எழுத்து வந்தால், மீட்டர் கெட்டுப்போகவில்லை. பெரும்பாலான மீட்டர்கள் 600 வரைதான் எண்ணாகக் காட்டும். அதற்கு மேலே போனால்தான் அப்படி வரும். ஒருமுறை கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்க. மறுபடியும் அதே என்றால் 108-க்கு அழைங்க. டி.கே.ஏ-வைவிட ஹெச்.ஹெச்.எஸ்-ஸில் உயிரிழப்பு விகிதம் அதிகம்.

*லோ சுகர்: நிமிடங்கள்தான் இருக்கு*

மூன்றாவது, வேகமானது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வரலாம். மாத்திரையைப் போட்டுவிட்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, வழக்கத்தைவிட அதிகமாக விளையாடுவது, டோஸ் மாறிப்போவது போன்றவை காரணங்கள். 70-க்குக் கீழே போனால் லோ சுகர். 54-க்குக் கீழே ஆபத்து.

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கடும் பசி, காரணமில்லாத எரிச்சல். இன்னும் இறங்கினால் நாக்கு குழறும், நடை தள்ளாடும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். பஸ்ஸில் ஒருவர் இப்படி இருந்தால், ‘காலையிலேயே தண்ணி போட்டுட்டான்’ என்று ஒதுங்கிப் போகிறோம். அவர் குடித்திருக்கவே வேண்டியதில்லை. மூளைக்குக் குளுக்கோஸ் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆள் நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் ‘15-15’ முறை. 15 கிராம் சர்க்கரை கொடுங்க. மூன்று டீஸ்பூன் நிறைய குளுக்கோஸ் பவுடரோ, சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுத்தால் போதும். அரை டம்ளர் ஜூஸும் சரி, சாதாரண கூல்டிரிங்க்ஸும் சரி. ‘டயட்’, ‘ஜீரோ’ என்று போட்டது வேலைக்கு ஆகாது. சாக்லேட், ஐஸ்க்ரீமில் இருக்கும் கொழுப்பு சுகர் ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்க. 70-க்கு மேலே வரவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. சரியான பிறகு இரண்டு இட்லியோ, பிஸ்கட்டோ, அடுத்த வேளைச் சாப்பாடோ கொடுக்கணும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: வோக்லிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லோ சுகர் வந்தால் சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. சர்க்கரையைக் குடலில் உடைக்கும் வேலையை அந்த மாத்திரை தடுத்துவைத்திருக்கும். இவர்களுக்கு குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்கணும். ஒரு பாக்கெட் வீட்டிலும், ஒரு பாக்கெட் பையிலும் இருக்கட்டும்.

நினைவில்லாமல் கிடந்தால் வாயில் தண்ணீரோ, சர்க்கரையோ எதையும் ஊற்றாதீங்க. மூச்சுக்குழாயில் போய்விடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு அழைங்க. குளுக்ககான் என்ற ஊசி கையில் இருந்து, போடத் தெரிந்திருந்தால் போடலாம்.

மாத்திரையால் வந்த லோ சுகர் ஒருமுறை சரியானாலும், சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். அதுவும் வயதானவர்களுக்கும், கிட்னி பிரச்னை உள்ளவர்களுக்கும். ‘எழுந்து உட்கார்ந்துட்டாரு, போதும்’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்க.

பார்ட்டி விஷயமும் உண்டு. மது உள்ளே போனால் கல்லீரல் அதை வெளியேற்றுவதில் பிஸியாகிவிடும். ரத்தத்தில் சுகர் குறையும்போது எடுத்துக்கொடுக்க வேண்டிய குளுக்கோஸைக் கொடுக்காது. இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் லோ சுகர் வரலாம். பக்கத்தில் இருப்பவர்கள் ‘போதையில் தூங்குறான்’ என்று விட்டுவிடுவார்கள்.

கையில் மீட்டர் இல்லை, ஹையா லோவா தெரியவில்லை, ஆனால் ஆள் நினைவோடு இருக்கிறார் என்றால் என்ன செய்வது? சர்க்கரை கொடுங்க. லோவாக இருந்தால் அது உயிரைக் காப்பாற்றும். ஹையாக இருந்தால் அந்த மூன்று டீஸ்பூனால் பெரிய கெடுதல் வந்துவிடாது. கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

*‘சுகர் பேஷன்ட்டுக்கு குளுக்கோஸ் ஏத்துறாங்க!’*

டி.கே.ஏ-வுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று விஷயம் நடக்கும். சலைன் ஏற்றி வற்றிப்போன தண்ணீரை ஈடுகட்டுவார்கள். இன்சுலினை டிரிப்பில் மெதுவாகச் செலுத்துவார்கள். பொட்டாசியத்தை அடிக்கடி டெஸ்ட் செய்து தேவையான அளவு ஏற்றுவார்கள். இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் டி.கே.ஏ-வை வீட்டிலேயே சமாளிக்க முடியாது. இன்சுலின், சுகரோடு பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

சில மணி நேரத்தில் சுகர் 250-க்கு இறங்கும். அப்போது நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவார். சொந்தக்காரர்கள் பதறிப்போய், ‘சுகர் பேஷன்ட்டுக்குப் போய் குளுக்கோஸ் ஏத்துறாங்களே!’ என்று சண்டைக்குப் போவார்கள். சண்டை போடாதீங்க. சுகர்தான் முதலில் இறங்கும். அமிலம் இறங்க இன்னும் நேரமாகும். அதுவரை இன்சுலின் ஓடிக்கொண்டே இருக்கணும். அதனால் லோ சுகர் ஆகிவிடாமல் இருக்கத்தான் அந்த குளுக்கோஸ். ‘சுகர் நார்மல் ஆயிடுச்சே, டிஸ்சார்ஜ் பண்ணுங்க’ என்று அவசரப்படுத்துவதும் இதே காரணத்தால் ஆபத்து.

*போனைக் கையில் வெச்சிருக்கும்போதே…*

உங்களுக்கு சுகர் இருந்தால், போனின் லாக் ஸ்க்ரீனில் எமர்ஜென்சி தகவல் பகுதியில் ‘டைப் 1, இன்சுலின் போடுகிறேன்’ என்று இப்போதே பதிவு பண்ணுங்க. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் சேர்த்துவிடுங்க. லாக்கைத் திறக்காமலே மற்றவர்களால் அதைப் பார்க்க முடியும். ரூம்மேட், ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் என ரெண்டு பேருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். குளுக்கோஸ் பவுடர் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லி வைங்க. பைக் எடுக்கும் முன் ஒருமுறை சுகர் பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்சுலினை வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலும், காரிலும் விட்டுவிடாதீங்க. சூட்டில் வீரியம் போய்விடும். ஊசி போட்டும் போடாத கதைதான். பிரிக்காததை ஃப்ரிட்ஜில் வையுங்க, ஃப்ரீஸரில் வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம் என்றால், ஒரு மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் டப்பாவில் வைத்தாலும் ஓரளவு குளிர்ச்சி நிற்கும்.

ஊசி போடுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பாகிஸ்தானின் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு டைப் 1 இருப்பது 1997-ல் தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 உலகக் கோப்பை வரை ஆடினார். ஒருநாள் கிரிக்கெட்டில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆளானதும் அந்த உலகக் கோப்பையில்தான்.

உங்களுக்கு சுகர் இல்லையென்றால் உங்கள் வேலை இன்னும் சுலபம். யாராவது வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று சுருண்டு படுத்திருந்தால், குழப்பமாகப் பேசினால், காரணமே இல்லாமல் வியர்த்து நடுங்கினால், ‘சுகர் பார்த்தாச்சா?’ என்று ஒரு கேள்வி கேளுங்க. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஸ்ட்ரிப் டப்பாவின் எக்ஸ்பைரி தேதியையும் கையோடு பார்த்துவிடுங்க. தேவைப்படும்போது எடுத்துப் பார்த்தால் அது முடிந்து போயிருக்கக் கூடாது.